உப்புக்கு முன் ஒரு கிள்ளு

ஹோட்டல் ராயல் சிம்மாசனாவின் சமையலறையில் ஆதிகேசவன் பதினொரு வருடமாக அடி வாங்கிக்கொண்டிருந்தான். இதற்காக நீங்கள் யாரும் மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அவனே கெடுத்துக்கொண்டதில்லை. டொமினிக் செஃப் கரண்டியால் அடிப்பார், அது தலையில் விழும். வாணலியை வீசுவார், அது தோளில் விழும். பழுக்கக் காய்ந்த இடுக்கியை முழங்கையில் ஒரு நொடி வைத்து எடுப்பார், அதற்கு 'டெம்பரேச்சர் செக்' என்று பெயர். அடித்து முடித்ததும் தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, "உங்களையெல்லாம் திருத்தறதுக்குள்ள என் தோள்பட்டை போயிடும்டா," என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தோளுக்கு ஹோட்டல் செலவிலேயே வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி நடந்தது.

அடி வாங்கியவர்களுக்கு ஐஸ் மெஷின் இருந்தது. கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்.

ஒக்கலிபுரத்தில் ரயில் பாதைச் சுவரை ஒட்டின சந்தில் அவன் வீடு. வேலை முடிந்து வந்ததும் பெண்டாட்டி காந்தா கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு எங்க?" என்பது. அவன் சட்டையைக் கழற்றிக் காட்டுவான். அவள் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுக்கொண்டு வருவாள்.

"இன்னும் எவ்ளோ நாளைக்குங்க இந்தக் கூத்து?"

"செப்டம்பர் வரைக்கும்."

அந்த செப்டம்பர் கதை இதுதான். ஹோட்டலில் பத்து வருடம் தினக்கூலியாக இருந்தவனை பர்மனென்ட் ஆக்கலாம். ஆனால் நாற்பத்தைந்து வயது முடிந்துவிட்டால் ஆக்க முடியாது, வெளியே அனுப்பிவிட வேண்டியதுதான். இரண்டாயிரத்து ஆறாம் வருடம் செப்டம்பர் பதினான்காம் தேதி ஆதிகேசவனுக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அதற்குள் ஆர்டர் கைக்கு வந்துவிட்டால் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் நிம்மதியாக அடி வாங்கலாம். வராவிட்டால் பதினைந்தாம் தேதி காலையிலிருந்து அவனை அடிக்கவும் ஆளில்லை, அவன் வீட்டு அடுப்புக்கும் வழியில்லை.

இப்படி அவன் நாளை எண்ணிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில்தான் ஏழு மரப்பெட்டிகளில் உப்பு வந்து இறங்கியது.

சமையல்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து, ஏசி வைத்து, பித்தளைப் பலகையில் 'ஃபினிஷிங் சால்ட் மேன்மை மையம்' என்று மாட்டினார்கள். அன்றிலிருந்து ஆட்கள் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிட்டார்கள். மையத்துக்கு டைரக்டராக நரேஷ் சார் வந்தார். மூன்று வாரம் வெளிநாட்டில் உப்பு படித்தவர். தொடக்க விழாவில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேசினார்.

"உப்பு ரெண்டு வகை. சமைக்கும்போது உள்ள போடற உப்பு, அது லேபர். சமைச்சு முடிச்சு, தட்டு வெளிய போகற நேரத்துல மேல தூவற உப்பு, அது மேனேஜ்மென்ட். லேபர் கரைஞ்சு காணாமப் போயிடும், அதுதான் அதோட டியூட்டி. மேனேஜ்மென்ட் கரையக் கூடாது. கண்ணுக்குத் தெரியணும். கடிச்சா சத்தம் வரணும். இதை நீங்க புரிஞ்சுக்கிட்டா போதும், மத்த எல்லாமே புரிஞ்சுடும்."

எல்லோரும் கை தட்டினார்கள். டொமினிக் செஃப் மட்டும் தட்டவில்லை. உப்பு விஷயத்தில் தான் யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்று அவருக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிறகு நரேஷ் சார் பெட்டிகளைத் திறந்தார். பிரெஞ்சுக் கடற்கரையில், காற்று அடங்கின சாயங்காலத்தில், பாத்தித் தண்ணீரின் மேல் ஆடை மாதிரி படர்வதை வழித்தெடுத்த உப்பு ஒன்று. அதே ஊரில் களிமண்ணோடு கிடந்து சாம்பல் நிறமான உப்பு ஒன்று. இங்கிலாந்திலிருந்து சின்னச் சின்னக் கூம்பாகச் செதில் செதிலாய் ஒன்று. ஹவாய் தீவுச் செம்மண் கலந்த சிவப்பு, கரி சேர்த்த கறுப்பு, மரப்புகையில் ஊறினது, கடைசியாக மலைச் சுரங்கத்தில் வெட்டின ரோஜா நிறப் பாறை.

ஆதிகேசவன் அந்தச் செதில் உப்பை இரண்டு விரலில் எடுத்து, கிரில்லிலிருந்து அப்போதுதான் இறக்கின மீன் துண்டின் மொறுமொறுத் தோல்மேல் போட்டு வாயில் வைத்துப் பார்த்தான். மீன் முதலில் வந்தது. பின்னாலேயே உப்பு பல்லுக்கடியில் நொறுங்கி, நாக்கில் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று கரைந்தது. நல்லாத்தான் இருந்தது. அன்று வீட்டில் காந்தாவிடம் சொன்னான்: "உள்ள இருக்கற உப்பு வேற, மேல இருக்கற உப்பு வேறதான் காந்தா. அந்த ஆள் சொன்னது தப்பில்ல. நல்ல பொருளு."

நல்ல பொருள் கெட்ட கையில் போய்ச் சேருவது புதிதில்லையே.

முதல் வாரம் 'தோற்ற அனுபவப் பயிற்சி'. ஒவ்வொரு உப்பும் எங்கிருந்து வருகிறது என்பதைச் சமையல்காரர்கள் உடம்பால் உணர வேண்டும் என்று சுற்றறிக்கை. கடல் உப்புக்காக எல்லோர் தலையிலும் ஐஸ் தண்ணீர் ஊற்றினார்கள். எரிமலைத் தீவு உப்புக்காக தந்தூர் அடுப்பின் வாய்க்கு நேராக முகத்தை நீட்டி நிற்கச் சொன்னார்கள். நான்கு பேருக்குப் புருவம் போனது. புகை உப்புக்காக ஆறு பேரைப் புகை போடும் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஐந்து பேர் நடந்து வெளியே வந்தார்கள், ஒருவரைத் தூக்கி வந்தார்கள். மலை உப்புக்குப் பதினெட்டு டிகிரி மைனஸில் இருக்கும் இறைச்சி அறை. அதற்குள் ஆதிகேசவனையும் மஞ்சுநாத்தையும் கால் மணி நேரம் பூட்டினார்கள்.

மஞ்சுநாத் மாகடிப் பக்கத்துக்காரன். முப்பத்தொன்பது வயது, அவனும் தினக்கூலிதான். ஆதிகேசவனுக்குப் பக்கத்து அடுப்பில் அதே பதினொரு வருடம் நின்றவன். தமிழை அவன் பேசினால் கன்னடமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தொங்குகிற ஆட்டுத் தொடைகளுக்கு நடுவே இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மலை தெரியுதா குரு?" என்றான் மஞ்சுநாத், பல்லு தந்தியடிக்க.

"தொடைதான் தெரியுது."

"எனக்குக் காது தெரியல. இருக்கா பாரு."

இருந்தது. ஆனால் வெளியே வந்து ஒரு வாரத்தில் இடது காதின் மேல் ஓரம் கறுத்து உதிர்ந்தது. பயிற்சிப் பதிவேட்டில் மஞ்சுநாத்தின் பெயருக்கு எதிரே 'சிறப்பாக உணர்ந்தார்' என்று எழுதினார்கள்.

இதெல்லாம் ஆதிகேசவனைப் பெரிதாக அசைக்கவில்லை. அவனை அசைத்தது அடுத்த சுற்றறிக்கை. மேன்மை உப்பு எதன்மேலும் படக் கூடாது. கரண்டி பட்டால் படிகம் உடையும், மரம் ஈரத்தை இழுக்கும், மேடையில் சாதா உப்பின் தூசு இருக்கும். ஆகவே பெட்டகத்திலிருந்து தட்டு வரைக்கும் உப்பு கையிலிருந்து கைக்கு மட்டுமே போக வேண்டும். கொடுப்பவரின் கை, வாங்குபவரின் கைக்கு அரை அடி உயரத்தில் இருக்க வேண்டும்.

"உள்ளங்கையில ஈரம் இருக்குமே சார், உப்பு கரைஞ்சுடாதா?" என்று கேட்டான் மஞ்சுநாத்.

"உன் கையில கரையும்," என்றார் நரேஷ் சார். "உனக்கு மேல இருக்கறவங்க கையில கரையாது. அதுக்குத்தான் கிரேடு."

ஆதிகேசவன் மனசு வேறு இடத்தில் அடித்துக்கொண்டது. அவன் சந்தில் உப்பை யாரும் யார் கையிலும் கொடுப்பதில்லை. கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சண்டை வரும். கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தே ஆக வேண்டிய நிலைமை வந்தால், உப்பு கை மாறுவதற்கு முன்னால் எதிராளியின் முன்கையில் லேசாக ஒரு கிள்ளு. வரப்போகிற சண்டை அந்தக் கிள்ளோடு தீர்ந்து போனதாக அர்த்தம். காந்தாவின் அக்கா ஒரு அவசரத்தில் கிள்ளாமல் நாத்தனார் கையில் உப்பைக் கொடுத்துவிட்டாள். அந்தச் சண்டை இன்றைக்கும் மேயோ ஹால் கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது.

"என்னங்க செய்வீங்க?" என்றாள் காந்தா.

"பர்மனென்ட் ஆகணும் இல்ல?"

"ஆகணும்தான். ஆனா கிள்ளாம குடுத்துடாதீங்க. மஞ்சுநாத்து நல்ல மனுஷன்."

பெட்டகக் காவலரிடமிருந்து சூப்பர்வைசருக்கு, சூப்பர்வைசரிடமிருந்து ஆதிகேசவனுக்கு, ஆதிகேசவனிடமிருந்து மஞ்சுநாத்துக்கு. மஞ்சுநாத் தட்டில் தூவுவான். இதுதான் கிரில் பகுதியின் வரிசை. சூப்பர்வைசரைக் கிள்ள முடியாதே, அதனால் அவரிடம் வாங்கும்போது ஆதிகேசவன் ஏப்ரனுக்கு அடியில் தன் தொடையையே கிள்ளிக்கொண்டான். மஞ்சுநாத்திடம் திரும்பினதும் முன்கையில் சின்னதாக ஒரு கிள்ளு.

"ஏனப்பா, எதுக்குக் கிள்ளற?"

"உப்பு குடுக்கறேன்ல."

"உப்பு குடுத்தா கிள்ளணுமா?"

"இல்லன்னா நீயும் நானும் அடிச்சுக்குவோம்."

மஞ்சுநாத் உப்பை வாங்கிக்கொண்டான். "சரி பிடு, போகட்டும். அடிச்சுக்கறதுக்கு இது தேவல."

மற்ற பகுதிகளில் கிள்ள யாருமில்லை. முதல் நாள் மதியமே ஆரம்பித்தது. சூப் பகுதியில், கொடுக்கிறவர் அரை அடிக்கு மேல் கையைத் தூக்கிவிட்டார் என்று வாங்குகிறவர் சொன்னார். "என்னை என்ன பிச்சைக்காரன்னு நெனச்சியா?" என்று ஒரு வார்த்தை. அடுத்த வார்த்தைக்கு இடமில்லாமல் கொதிக்கிற காய்கறிச் சாறு பறந்தது. இரண்டாம் நாள் சாலட் பகுதியில் மூன்று கல் உப்பு சிந்தினது யாரால் என்ற பேச்சில் ஒருவருக்கு முன்பல் இரண்டு போனது. மூன்றாம் நாள் இனிப்புப் பகுதியில், ஒரே கிரேடில் இருந்த இரண்டு பேர் யார் கை கீழே இருப்பது என்று முடிவாகாமல், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒருவர் மற்றவரை மாவு பிசையும் இயந்திரத்துக்குள் தள்ளினார். விரல்கள் மூன்று. அன்றைக்கு விருந்தினர்களுக்கு சாக்லேட் கேக் மட்டும் கொஞ்சம் தாமதமாகப் போனது.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. உடனே ஒரு படிவம் அச்சடித்தது. 'உப்பு நிகழ்வு அறிக்கை' என்று பெயர். முதல் கேள்வி, உப்பு சிந்தியதா. இரண்டாவது, எந்த நாட்டு உப்பு. ஒன்பதாவது, ரத்தம் சிந்தியதா. ஆம் என்றால், உப்பின்மேல் சிந்தியதா, வேறு இடத்திலா. வேறு இடம் என்றால் மேற்கொண்டு எழுத வேண்டாம். உப்பின்மேல் என்றால், அந்த உப்பை வெள்ளை உப்புப் பெட்டியிலிருந்து எடுத்து ஹவாய் சிவப்புப் பெட்டியில் சேர்க்கவும்.

ஜூலை மாதம் முடியும்போது ஹவாய் சிவப்பு, வந்ததைவிட அதிகமாக இருந்தது.

ஆகஸ்டில் டொமினிக் செஃப்புக்கும் நரேஷ் சாருக்குமே சண்டை வந்தது. ரோஜாப் பாறையைப் பலகையாக அறுத்து, அடுப்பில் சூடேற்றி, அதன்மேல் இறால் வாட்ட வேண்டும் என்று டைரக்டரின் உத்தரவு. பாறையை மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும், ஈரம் படவே கூடாது, இல்லாவிட்டால் வெடிக்கும் என்று ஆதிகேசவனுக்கே தெரிந்துவிட்டது. கல் அடுப்புமேல் ஏறினதுமே அழ ஆரம்பித்ததை அவன் பார்த்தான். சொல்லவும் சொன்னான்.

"செஃப், கல்லு வேர்க்குது."

"கல்லு வேர்க்குதா, உனக்கு வேர்க்கலையா?" என்று கரண்டி அவன் காதோரம் இறங்கியது. "தீயைக் கூட்டுடா."

கூட்டினான். மஞ்சுநாத்தின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் உட்கார்ந்தான். பாறை வெடித்தது. ரோஜா நிறத் துண்டுகள் விசிறினாற்போல் பறந்து, ஒன்று செஃப்பின் கன்னத்தைக் கிழித்தது, ஒன்று ஏசியை உடைத்தது, உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று அந்த நேரம் பார்வையிட வந்த நரேஷ் சாரின் தொடையில் செருகி நின்றது.

"இது சேதாரம். கையெழுத்துப் போடுங்க," என்றார் நரேஷ் சார், தொடையில் கல்லோடு.

செஃப் உறைந்த ஆட்டுக்கால் ஒன்றை எடுத்தார். அடுத்த பத்து நிமிடம் சமையலறையில் நிர்வாகக் கலந்துரையாடல் நடந்தது. நரேஷ் சாருக்கு இடது காறை எலும்பு, செஃப்புக்கு வலது மணிக்கட்டு. இரண்டு பேரும் ஒரே ஆம்புலன்ஸில் போனார்கள். முன் இருக்கை யாருக்கு என்பதில் ஓட்டுநருக்கும் ஒரு குத்து விழுந்ததாகக் கேள்வி.

இத்தனைக்கும் நடுவில் கிரில் பகுதியில் ஒரு கீறல் இல்லை. படிவங்களைப் பார்த்த தலைமை அலுவலகத்துக்கு இது ஆச்சரியமாகப் போய்விட்டது. பணியாளர் மேலாளர் மமதா மேடம் ஆதிகேசவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க செக்ஷன்ல மட்டும் ஜீரோ இன்சிடென்ட். நீங்கதான் மாடல் எம்ப்ளாயி. செப்டம்பர் ரெண்டாம் தேதி வைஸ் பிரெசிடென்ட் இளங்கோவன் சார் வர்றார், மையத்துக்குத் தங்க உள்ளங்கைச் சான்றிதழ் குடுக்க. அவர் கையில நீங்கதான் உப்பு குடுக்கணும். குடுத்து முடிச்சதும் அங்கேயே உங்க பர்மனென்ட் ஆர்டர்." ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். அதில் அவன் பெயர் இருந்தது. ஆதிகேசவன் அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தான்.

இரண்டாம் தேதி மதியம் பெரிய கூடத்தில் மேடை. சுவரோரம் சமையல்காரர்கள் வரிசையாக நின்றார்கள். கட்டு போடாத உடம்பு குறைவு. மேஜையில் கிரில் செய்த மீன், தோல் மேலே பார்க்க. இளங்கோவன் சார் ஐம்பது வயது மனிதர், தேனிப் பக்கம் சொந்த ஊர் என்று சொல்வார்கள். அவர் பேசினார்.

"இந்த மையத்துல கடந்த மூணு மாசத்துல ஒரு கிராம் உப்புகூட வேஸ்ட் ஆகல. உலகத்துல எந்த ஹோட்டலும் இதைச் சாதிச்சதில்ல. மனிதர்கள் வருவாங்க, போவாங்க, சில பேர் பாகம் பாகமாப் போவாங்க. உப்பு நிக்கணும்."

காறை எலும்பில் கட்டோடு நரேஷ் சார் உப்பை எடுத்து ஆதிகேசவன் கையில் விட்டார். ஆதிகேசவன் தன் தொடையைக் கிள்ளிக்கொண்டான். இளங்கோவன் சார் உள்ளங்கையை நீட்டினார்.

கிள்ளாமல் கொடுத்தால் ஆர்டர் கையில் விழும். அப்புறம் இந்த மனிதரோடு சண்டை வரும். அவரோடு சண்டை என்றால் ஆர்டர் என்னத்துக்கு ஆகும்? ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் அவர்தானே மேலே? ஆதிகேசவனுக்கு நிம்மதி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இடது கையை நீட்டி, பெரிய அதிகாரியின் முன்கையில், கடிகாரத்துக்கு மேலே, லேசாக ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, உப்பைக் கொடுத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிள்ளினபோது இளங்கோவன் சார் கையை இழுக்கவில்லை. முன்கையை இன்னும் கொஞ்சம் வாகாகத் திருப்பிக் கொடுத்தார், சின்ன வயதில் அம்மாவிடம் கொடுத்த மாதிரி. உப்பு கையில் விழுந்ததும் முகத்தில் சிரிப்புக்கூட வந்தது. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். நூறு பேர் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். தன் கிரேடு அவருக்கு ஞாபகம் வந்தது. கையை உதறிக்கொண்டு, மேஜைமேல் சாய்ந்து, வெட்டுப்பட்டவர் மாதிரி அலறினார்.

பாதுகாப்பு ஆட்கள் ஆறு பேர் ஆதிகேசவனைத் தரையில் கவிழ்த்தார்கள். ஒருவர் முதுகில் முழங்காலை வைத்தார், ஒருவர் கையை முறுக்கினார், ஒருவர் பூட்ஸால் விலாவில் நான்கு வைத்தார். "வன்முறை, வன்முறை," என்று மமதா மேடம் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். பதினொரு வருடத்தில் அந்த ஹோட்டலில் அந்த வார்த்தையை யாரும் சொல்லி அவன் கேட்டது அதுவே முதல் தடவை.

விசாரணை பத்தாம் தேதி. மமதா மேடம் தலைமை. குற்றம்: உயர் அதிகாரிமீது உடல்ரீதியான தாக்குதல், கருவி இரண்டு விரல். முதல் சாட்சி டொமினிக் செஃப், கையில் மாவுக்கட்டு, கன்னத்தில் தையல்.

"இருபத்தெட்டு வருஷமா கிச்சன்ல இருக்கேன் மேடம். இப்படி ஒரு காட்டுமிராண்டித்தனத்தை நான் பார்த்ததில்ல."

இரண்டாவது சாட்சி நரேஷ் சார். "கிள்ளினது மட்டுமில்ல மேடம், பர்மிஷன் இல்லாம கிள்ளினான். எங்க மையத்துல எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. அடிக்கறதுன்னாகூட மேல இருந்துதான் கீழ வரும்."

மூன்றாவது மஞ்சுநாத். அவன் ஆதிகேசவன் பக்கம் பார்க்காமல் வந்து நின்றான். அவனிடமும் ஒரு தாளைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள் என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"உங்களையும் இவர் கிள்ளியிருக்காரா?"

"ஹௌது மேடம். கிள்ளியிருக்கான்."

"எத்தனை தடவை?"

"எண்ணல. ஒரு நாலாயிரம் இருக்கும்."

"வலிச்சுதா?"

மஞ்சுநாத் தன் முன்கையைப் பார்த்துக்கொண்டான். அதில் ஒரு தடமும் இல்லை. காது ஓரம் இல்லாத பக்கத்தைத் தடவிக்கொண்டான்.

"வலிச்சுது மேடம்," என்றான்.

ஆதிகேசவனுக்கு விலாவில் பட்ட பூட்ஸ் அப்போதுதான் வலித்தது.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார் மேடம்.

"கிள்ளாம குடுத்தா சண்டை வரும் மேடம். அதனாலதான்."

"இது ரெண்டாயிரத்து ஆறு. கம்ப்யூட்டர் ஊர்ல உட்கார்ந்துகிட்டு மூடநம்பிக்கை பேசறீங்க. இங்கேயே நிரூபிச்சுடலாம். நரேஷ், நீங்க டொமினிக்குக்குக் குடுங்க. டொமினிக் எனக்குக் குடுக்கட்டும். யாரும் யாரையும் கிள்ள வேண்டாம். பதிவு பண்ணிக்கோங்க."

நரேஷ் சார் நல்ல கையில் உப்பை எடுத்து உயரத் தூக்கினார். செஃப் தன் கையை இன்னும் உயரத்துக்குத் தூக்கினார்.

"நீங்க வாங்கறவர். கையைக் கீழ வைங்க."

"உங்கிட்ட கையேந்த நான் என்ன கோயில் வாசல்லயா நிக்கறேன்?"

"கிரேடு சொல்லுது."

"இது சொல்லட்டும் முதல்ல," என்று செஃப் மாவுக்கட்டுக் கையால் நரேஷ் சாரின் மூக்கில் இறக்கினார். மாவுக்கட்டும் உடைந்தது, மூக்கும் உடைந்தது. நரேஷ் சார், சாட்சிப் பொருளாக மேஜையில் இருந்த ரோஜாப் பாறையைத் தூக்கிப் போட்டார். செஃப்பின் பாதத்தில் எலும்பு நொறுங்கின சத்தம், அந்தச் செதில் உப்பைக் கடித்த சத்தம் மாதிரியே இருந்தது. நடுவில் வந்த மமதா மேடத்தின் நெற்றியில் காகிதம் துளைக்கும் கருவி வந்து பட்டது. மேடம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேஜையிலிருந்த கண்ணாடி பேப்பர்வெயிட்டால் யாரைத் தாக்குவது என்று பார்த்து, பாரபட்சம் இல்லாமல் இரண்டு பேரையும் தாக்கினார். பாதுகாப்பு ஆட்கள் ஆறு பேரும் உள்ளே ஓடி வந்து, யாரைப் பிடிப்பது என்று உத்தரவு இல்லாததால், தங்களுக்குள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆதிகேசவனும் மஞ்சுநாத்தும் சுவரோரம் நின்றார்கள். அந்த அறையில் அடி படாதவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தீர்ப்பு பன்னிரண்டாம் தேதி, அவன் பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. தாளின் மேல் ஓரத்தில் ஒரு துளி ரத்தம் காய்ந்திருந்தது. 'விசாரணை அமைதியான முறையில் நடைபெற்றது. கிள்ளாமல் உப்பு கொடுத்தபோது குறிப்பிடத்தக்க நிகழ்வு எதுவும் ஏற்படவில்லை. குற்றம் நிரூபணமானது. பணிநீக்கம்.'

அதன் பின்னால் நடந்ததுதான் அதிசயம். தலைமை அலுவலகம் படிவங்களை மறுபடி எடுத்துப் பார்த்து, கிரில் பகுதியில் சண்டை வராததற்குக் காரணம் கிள்ளு என்று ஆராய்ந்து கண்டுபிடித்தது. 'உப்புக்கு முந்தைய தொடுகை நெறிமுறை' என்று அதற்குப் பெயர் வைத்து, நரேஷ் சாரையே அதற்கும் டைரக்டராக்கியது. பாடம் நடத்த அனுபவசாலி வேண்டாமா? நாலாயிரம் கிள்ளு வாங்கினவன் ஒருவன்தான் இருந்தான்.

ஆதிகேசவன் ஹெப்பகோடியில், தொழிற்சாலை ஆட்கள் சாப்பிடுகிற ஒரு மெஸ்ஸில் சேர்ந்தான். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வருடமெல்லாம் வேலை இருக்குமா என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். உப்பு பிளாஸ்டிக் வாளியில் தரையில் இருக்கும், உள்ளே ஒரு கொட்டாங்கச்சி. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அடிக்க ஆள் இல்லை. முதல் வாரம் கரண்டிச் சத்தம் கேட்டாலே தலையைக் குனிந்துகொண்டிருந்தான், அப்புறம் அது விட்டுப்போனது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒக்கலிபுரம் வீட்டு வாசலில் மஞ்சுநாத் வந்து நின்றான். சட்டையில் புது பேட்ஜ்: சீனியர் இன்ஸ்ட்ரக்டர். காந்தா அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி கிளறினாள்.

"ஆகிட்டேன் குரு," என்றான் மஞ்சுநாத். "பர்மனென்ட்."

"தெரியும்."

"இப்ப எல்லாரும் கிள்ளறாங்க. கிரேடு பிரகாரம். கிரேடு ஏற ஏற அழுத்தமாக் கிள்ளணும்னு ரூல். செஃப் இடுக்கியை வெச்சுக் கிள்ளறார். போன வாரம் ரெண்டு பேருக்குச் சதையே இடுக்கியோட வந்துடுச்சு." பேட்ஜைத் தொட்டுக் காட்டினான். "நான்தான் சொல்லிக் குடுக்கறேன்."

மஞ்சுநாத் பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். பிரித்து, உள்ளங்கையில் கொட்டிக்கொண்டான். சாதாரணக் கல்லுப்பு. கையை நீட்டினான். இரண்டு கல் கீழே விழுந்தது.

"கிள்ளாம குடுக்கறேன்," என்றான். "வாங்கிக்கோ குரு."

காந்தாவின் கரண்டி நின்றது. அவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆதிகேசவனுக்கும் புரிந்தது. அவன் அந்தக் கையைப் பார்த்தான், காது ஓரம் இல்லாத அந்த முகத்தைப் பார்த்தான். இடது கையை நீட்டி உப்பை வாங்கிக்கொண்டான். வலது கையால் மஞ்சுநாத்தின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை அறைந்தான்.

மஞ்சுநாத் கதவில் போய் மோதி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு கிழிந்து ரத்தம் பேட்ஜில் சொட்டியது. பதினொரு வருடம் அந்தச் சமையலறையில் விழுந்த அடியில் ஒன்றாவது விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்குமா என்றால், இல்லை. இது விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ரயில் போய் முடிந்தது.

"இன்னும் இருக்கா?" என்றான் மஞ்சுநாத்.

"இல்ல. அவ்ளோதான்."

"பலமா இருந்துச்சு."

"வலிச்சுதா?"

மஞ்சுநாத் நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். "இது வலிச்சுது," என்றான். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டான்.

ஆதிகேசவன் இடது கையில் உப்போடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். காந்தா மூன்று தட்டை எடுத்து வைத்தாள். குழம்பைக் கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்தாள்.

"உப்பு பத்தல," என்றாள். அவன் கையை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"கீழ வைங்க. நான் எடுத்துக்கறேன்."